பிளக் உங்கள் கண் முன்னே இருக்கட்டும்!



பட்டறை, மோட்டார், பெல்ட் என்ற சொற்களைக் கண்டதும், “இது ஆண்களுக்குரிய சங்கதி, நமக்கு எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று எத்தனையோ வீடுகளில் முன் விறாந்தையே பட்டறையாக இருக்கிறது. இயந்திரத்தை வாங்கி வருபவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக் கொடுப்பது யார்? தூசியைக் கூட்டுவது யார்? பிள்ளைகள் அதன் அருகே போகாமல் பார்த்துக்கொள்வது யார்? கணவர் வெளியே போன பிறகு அதே இயந்திரத்தில் நாலு காசு சம்பாதிப்பதும் பல வீடுகளில் பெண்கள்தாம். அப்படியானால் அந்த இயந்திரத்தை அறிந்துகொள்ளும் பொறுப்பும் உரிமையும் உங்களுக்கு உண்டல்லவா?

இதை எழுதத் தூண்டியது மண்கும்பானில் நான் கண்ட ஒரு காட்சி.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டினால் மண்கும்பான் வரும். அதன் பிறகு வேலணை, புங்குடுதீவு. பாதை முடியும் குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகு ஏறலாம். பெயருக்கேற்ப மணல் நிறைந்த ஊர் மண்கும்பான். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் என் சாச்சி குடும்பமும் ஒன்று. போர் முடிந்த 2009க்குப் பிறகு சாச்சியின் மூத்த மகள், என் ராத்தா, கணவரோடு திரும்பி வந்து இங்கே ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டார். மச்சான் தச்சுவேலை செய்பவர். ராத்தா, தென்னை நிறைந்த புத்தளத்தில் பழகிய கைவேலையை விடாமல் சிரட்டையில் அகப்பை, கிண்ணம், சீனிக் கரண்டி செய்து விற்கிறார்.

நான் போயிருந்த நாளில் ராத்தாவின் கழுத்தில் ஒரு சிவந்த கோடு. கயிறு இறுக்கியது போல.

“என்ன ராத்தா இது?” என்று பதறிப்போனேன்.

“முக்காட்டு நுனியைப் பெல்ட் இழுத்துப் போட்டுது புள்ள. துணி பழசு, கிழிஞ்சு போச்சு. புதுசா இருந்திருந்தா நீ இண்டைக்கு மையித்து வீட்டுக்குத்தான் வந்திருப்பாய்” என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். மச்சான் யாழ்ப்பாணக் கடையொன்றில் பெல்ட்டும் தட்டும் சேர்ந்த சாண்டர் ஒன்றை வாங்கி, மேசையில் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ராத்தா சிரட்டையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கியதும் பெல்ட் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரத்தில் உரசிக் கீச்சிட்டது. என்ன சத்தம் என்று பார்க்க ராத்தா குனிந்தார். முக்காட்டு நுனி சரிந்தது. பிறகு நடந்ததை நினைக்கவே உடல் நடுங்குகிறது.

கவனியுங்கள், சகோதரிகளே! ராத்தா கவனக்குறைவானவர் அல்லர். பெல்ட் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் அவர் குனிந்திருக்கவே மாட்டார். சரியாக அமைக்காத இயந்திரம்தான் நம்மைக் குனிய வைக்கிறது. கையை உள்ளே விட வைக்கிறது. பலத்தோடு அழுத்த வைக்கிறது. ஆகவே பாதுகாப்பு என்பது வேலையின்போது மட்டும் பார்க்க வேண்டிய ஒன்றல்ல. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது.

இது என்ன இயந்திரம்?

முற்காலத்தில் மரத்தை வழவழப்பாக்கச் சுறாத்தோலைக் காயவைத்துத் தேய்த்தார்கள். பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையையும் நம் நாட்டுத் தச்சர்கள் பயன்படுத்தினார்கள். பிறகு வந்தது சான்ட் பேப்பர். தமிழ்நாட்டில் இதை உப்புத்தாள் என்பார்கள். இன்று அதில் மண்ணும் இல்லை, உப்பும் இல்லை! அலுமினியம் ஒக்சைட்டு, சிலிக்கன் கார்பைட்டு போன்ற கடினமான செயற்கைத் துகள்களே ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தத் தாளை வளையமாக ஒட்டி இரண்டு உருளைகளின் மேல் ஓடவிட்டால் அது பெல்ட். வட்டமாக வெட்டி ஓர் உலோகத் தட்டில் ஒட்டிச் சுழலவிட்டால் அது டிஸ்க். இரண்டையும் ஒரே மோட்டாரில் பூட்டியதுதான் நமது இயந்திரம்.

தாளின் முதுகில் 60, 80, 120, 240 என்று எண் போட்டிருக்கும். மாவரிக்கும் அரிதட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்கள் நெருங்க நெருங்க மா நைசாக விழுகிறதல்லவா? அதுபோல எண் கூடக் கூடத் துகள் நைசாகும். சிரட்டையின் வெளித்தும்பை எடுக்க 60 அல்லது 80, பிறகு 120, கடைசி மெருகுக்கு 240. முதலிலேயே நைசான தாளைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் வேலையும் நடக்காது, சிரட்டை கருகும், கையும் வழுக்கும்.

இனி வேகத்தைப் பாருங்கள். வீடுகளில் பயன்படும் சிறிய இயந்திரத்தில் பெரும்பாலும் 6 அங்குலத் தட்டு இருக்கும். அது நிமிடத்துக்கு 2,850 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், தட்டின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் வேகம்! பெல்ட்டின் வேகம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். நொடிக்கு 4 மீற்றர் ஓடும் பெல்ட்டாக இருந்தாலும், ஒரு மீற்றர் துணியை இழுத்துக்கொள்ள அதற்குக் கால் நொடி போதும். “உம்மா!” என்று கூப்பிடவும் நேரம் இராது.

எங்கே வைப்பது?

ஆடாத, பாரமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கிப் பூட்டுங்கள். மேசையின் மேல் சும்மா வைத்து ஓட்டினால் அதிர்வில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். நிமிர்ந்து நின்று வேலை செய்யும் உயரம் இருக்க வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே, முழங்கைக்குச் சற்றுக் கீழே வேலை நடந்தால் முதுகும் வலிக்காது, முகமும் இயந்திரத்துக்கு அருகே போகாது. குசினிக்கும் முற்றத்துக்கும் இடையில், ஆட்கள் போய்வரும் வழியில் வைக்கவே கூடாது. பின்னால் யாராவது இடித்தால் உங்கள் கை எங்கே போய் விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

தீவுப்பகுதிச் சகோதரிகளுக்கு இரண்டு விசேட குறிப்புகள். முதலாவது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்தும், வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்தும் வரும். தூசி உங்கள் முகத்துக்கும் வீட்டுக்குள்ளும் வராதபடி இயந்திரத்தின் திசையைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது உப்பு. கடற்காற்றில் இரும்பு மேசையும் உருளைகளும் துருப்பிடிக்கும். துருப்பிடித்த மேசையில் சிரட்டை வழுக்கிச் செல்லாது, தடக்கும். தடக்கினால் நாம் தள்ளுவோம். தள்ளினால் கை போய்ப் படும். ஆகவே வேலை முடிந்ததும் துடைத்து, மாதம் ஒரு முறை மேசையில் மெழுகு பூசுங்கள். மேலதிக பெல்ட்டுகளை ஈரம் படாத இடத்தில், மடிப்பு விழாமல் தொங்கவிடுங்கள். வருடக்கணக்கில் கிடந்த பெல்ட்டின் ஒட்டு இளகி, ஓடும்போது படாரென்று அறுந்துவிடும்.

கரண்ட் விஷயம்

இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100. வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பிய இயந்திரத்தை, பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். மோட்டார் புகைந்துவிடும். மோட்டாரின் மேலுள்ள தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதை முதலில் பாருங்கள்.

ஏர்த் கம்பி கட்டாயம் வேண்டும். பிளக்கின் மூன்றாவது காலை உடைத்தோ, தீக்குச்சி செருகியோ பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது. வீட்டின் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வயரைத் தரையில் குறுக்கே ஓடவிடாதீர்கள். மெல்லிய வயரில் நீளமாக இழுத்துக் கொடுத்தால் வயரும் சூடாகும், மோட்டாரும் திணறும்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. பெல்ட்டையோ தட்டையோ மேசையையோ தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கழற்றிய பிளக்கை உங்கள் கண் முன்னே, மேசையின் மேலேயே வையுங்கள். “கழற்றிவிட்டேனா?” என்ற சந்தேகமே வரக்கூடாது. வேறு யாரும் அறியாமல் மாட்டிவிடவும் முடியாது.

பெல்ட்டை நேராக ஓடவிடுவது எப்படி?

ராத்தாவின் வீட்டில் பிழைத்தது இந்த இடத்தில்தான். அதனால் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பெல்ட்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரத்தில் கிழிசல், ஒட்டில் விரிசல், நடுவில் மடிப்பு இருந்தால் அதை எறிந்துவிடுங்கள். உட்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், இயந்திரத்தில் காட்டியுள்ள ஓட்டத் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டு பிரிந்து அறுந்துவிடும். அம்புக்குறி இல்லாத பெல்ட்டுகளை எப்படியும் போடலாம்.

பிளக் கழன்ற நிலையில், இழுவைப் பிடியைத் தளர்த்தி, பெல்ட்டை இரண்டு உருளைகளின் நடுவிலும் பொருந்த மாட்டி, பிடியை மீண்டும் இறுக்குங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் சிறிதளவு உள்ளே போக வேண்டும். உடுப்புக் காயவிடும் கொடி போலத் தொங்கவும் கூடாது, வீணைத் தந்தி போல விறைக்கவும் கூடாது.

பிறகு கையாலேயே பெல்ட்டைப் பல சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்குகிறதா? உருளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அது ஓர் உருளையை இம்மியளவு சரிக்கும். உருளை சரிந்தால் பெல்ட்டின் பாதையும் மாறும். அதைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடியும் கையால் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் பெல்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது ஒவ்வோர் இயந்திரத்திலும் வேறுபடும். உங்கள் இயந்திரத்தின் குணத்தை ஒரு முறை அறிந்து, திருகின் பக்கத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள்.

கையால் ஓட்டும்போது நடுவில் நின்றால், கவசங்களை எல்லாம் பூட்டி, எட்டி நின்று, பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்ட கையோடு நிறுத்துங்கள். ஒரு கண்ணிமைப்பு நேரம் போதும். பெல்ட் எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். ஒதுங்கினால் முழுவதும் நின்ற பிறகு, பிளக்கைக் கழற்றித் திருகைச் சிறிது திருப்புங்கள். மறுபடியும் போட்டு நிறுத்துங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் பெல்ட் நடுவில் நிலைத்துவிடும். பிறகு ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். கைதேர்ந்தவர்கள் இயந்திரம் ஓடும்போதே இந்தத் திருகைத் திருப்புவார்கள். சில இயந்திரங்களின் கைநூலிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பழகாதவர்களுக்கு மெதுவான வழியே நல்ல வழி. பத்து நிமிடம் கூடுதலாகப் போகட்டுமே!

இரண்டு வங்கி அட்டை இடைவெளி

தட்டுக்கு முன்னால் ஒரு சிறு மேசை இருக்கும். பலகையை அதன் மேல் வைத்துத்தான் தட்டோடு சேர்க்க வேண்டும். மேசைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. அளப்பது எப்படி? இரண்டு வங்கி அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். அவற்றின் தடிப்பு ஏறக்குறைய அதே ஒன்றரை மில்லிமீற்றர்தான். (இயந்திரம் நின்று, பிளக் கழன்ற பிறகு என்பதை மறவாதீர்கள்!) இடைவெளி அகன்றால் மெல்லிய துண்டும், அதைத் தொடர்ந்து விரல் நுனியும் அதற்குள் இழுபட்டுப் போகும். மேசை தட்டில் உரசவும் கூடாது.

அடுத்து மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தித் தட்டோடு சேர்த்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மேசை சரிந்திருக்கிறது. நேராக்கி இறுக்குங்கள். சரிந்த மேசையில் தேய்த்தால் கிண்ணம் ஒரு பக்கம் சாயும். அதைத் திருத்தத் திருத்தச் சிரட்டை சிறுத்துக்கொண்டே போகும். விரலும் தட்டை நெருங்கிக்கொண்டே போகும்.

தட்டின் எந்தப் பாதி நமக்கு?

தட்டு சுழலும்போது ஒரு பாதி கீழ்நோக்கி இறங்கும், மறு பாதி மேல்நோக்கி ஏறும். இறங்கும் பாதி மட்டுமே நமக்கு. அது பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். ஏறும் பாதியில் வைத்தால் துண்டைத் தூக்கி முகத்தில் அடிக்கும். எந்தப் பாதி இறங்குகிறது என்பதை இயந்திரத்தின் அம்புக்குறி சொல்லும். ஏறும் பாதிக்கு முன்னாலுள்ள மேசையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரே இடத்தில் வைத்து அழுத்தாதீர்கள். மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள். அழுத்த வேண்டிய தேவை வந்தால் தாள் தேய்ந்துவிட்டது என்று பொருள், தாளை மாற்றுங்கள். பெல்ட்டில் தேய்க்கும்போது அதன் முனையிலுள்ள தடுப்புக் கட்டையில் பொருளை முட்டுக்கொடுத்தே வைக்க வேண்டும். தடுப்பு இல்லாவிட்டால் பெல்ட் அதைக் கவண்கல் போல வீசிவிடும்.

சிறு துண்டுகளை வெறும் விரலால் பிடிக்காதீர்கள். ஒரு மரப்பிடியில் பொருத்தியோ, பலகைத் துண்டில் தற்காலிகமாக ஒட்டியோ தேய்க்கலாம். விரலுக்கும் தாளுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். சிரட்டையின் வாயை மட்டமாக்கும்போது வாய் தட்டைப் பார்க்க, விரல்கள் சிரட்டையின் முதுகில் இருக்க வேண்டும். ஒருபோதும் விளிம்பைச் சுற்றிப் பிடிக்காதீர்கள்.

மறைப்பது வேறு, தொங்கவிடுவது வேறு

1927ஆம் ஆண்டு பிரான்ஸின் நீஸ் நகரில், உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் கழுத்தில் நீண்ட சால்வையோடு காரில் ஏறினார். கார் புறப்பட்டதும் சால்வையின் நுனி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவர் உயிரிழந்தார். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், இரவில் தனியாக வேலை செய்த மாணவி ஒருவரின் தலைமுடி கடைசல் இயந்திரத்தில் சிக்கி, அவரும் உயிரிழந்தார். இந்தியாவில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சேலையிலிருந்து மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் சொல்வதும் இந்த ஆபத்தை அறிந்தே.

இதைப் படித்துவிட்டு, “பட்டறையில் நின்றால் முக்காட்டை எடுத்துவிட வேண்டுமா?” என்று கேட்காதீர்கள். வேண்டியதில்லை. மறைப்பது வேறு, தொங்கவிடுவது வேறு. தலையோடும் கழுத்தோடும் ஒட்டி நிற்கும், தைத்த முக்காட்டை அணிந்து, அதன் நுனிகளை மேலங்கிக்குள் செருகிக்கொண்டால் தொங்குவதற்கு ஒன்றுமில்லை. ஊசி குத்திய நுனி தோளில் புரள்வது போதாது. உள்ளே செருகத்தான் வேண்டும். அபாயாவின் அகன்ற கையை மணிக்கட்டில் இலாஸ்டிக் போட்டுத் தைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, மேலே ஒரு ஓவர்கோட் போடுங்கள். பின்னல் உள்ளே போகட்டும். வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் வேலை முடியும்வரை அலுமாரிக்குள் இருக்கட்டும்.

கையுறை? பலரும் தவறு செய்யும் இடம் இது. சுழலும் இயந்திரத்தில் கையுறை பாதுகாப்பல்ல, பொறி. வெறும் விரல் பட்டால் தோல் உரியும். கையுறையின் நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே வெறும் கையே நல்லது. கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி அவசியம். நீண்ட நேரம் வேலை செய்தால் காதுக்கும் அடைப்பான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் சேர்த்தது. நீண்டகாலம் மரத்தூசியைச் சுவாசித்த தொழிலாளரின் மூக்கிலும் அதன் அருகிலுள்ள குழிகளிலும் நோய் கண்டார்கள். நமது முதிரை மரத்தின் தூசி சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். சிரட்டை மரமல்லத்தான், ஆனாலும் அதன் நுண்தூசி நெஞ்சுக்குள் போய் இருமலையும் இழுப்பையும் கூட்டும்.

முக்காட்டுத் துணியை மூக்கில் இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூசியை மட்டும்தான் அது தடுக்கும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அறிந்த என்-95 வகை முகக்கவசம், முகத்தோடு நன்றாகப் பொருந்தியிருந்தால் நுண்தூசியையும் தடுக்கும். இயந்திரத்தின் தூசிக் குழாயில் உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. தும்புத்தடியால் காய்ந்த தூசியைக் கூட்டினால் படிந்தது மறுபடியும் எழும்பும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குள் உதறாதீர்கள். கைக்குழந்தையைத் தூக்கும் முன் மேலுடுப்பை மாற்றிக் கைகால் முகம் கழுவுங்கள்.

தூசி தீப்பிடிக்கும் என்பதையும் மறவாதீர்கள். மரம் தேய்த்த இயந்திரத்தில் கத்தியையோ இரும்பையோ தீட்டினால் பொறி பறந்து, உள்ளே படிந்த தூசி புகையத் தொடங்கும். கத்தி தீட்டித் தரச் சொல்லி மச்சானிடம் நீட்டும் நம் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்! சேர்த்த தூசியைக் கைப்பிடி கைப்பிடியாக எரியும் அடுப்பில் வீசாதீர்கள். பரவிய நுண்தூசி பக்கென்று பற்றி முகத்துக்கு வரும்.

மின்வெட்டும் மழலையும்

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரால் மறக்க முடியும்? இப்போதும் மழையிலும் காற்றிலும் கரண்ட் போய் வருகிறது. இயந்திரம் ஓடும்போது கரண்ட் போனால் நாம் என்ன செய்வோம்? “சே!” என்று சொல்லிக் குசினிக்குப் போய்விடுவோம். சுவிட்ச் போட்டபடியே இருக்கும். கரண்ட் வரும் நேரத்தில் பிள்ளையின் கை பெல்ட்டின் மேல் இருந்தால்? ஆகவே கரண்ட் போனதும் முதல் வேலை சுவிட்சை நிறுத்துவது; இரண்டாவது வேலை பிளக்கைக் கழற்றுவது. கரண்ட் திரும்பினாலும் நாம் மறுபடி அழுத்தும்வரை ஓடாத சுவிட்ச் சில இயந்திரங்களில் உண்டு. புதிதாக வாங்குவோர் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சுவிட்சை நிறுத்திய பிறகும் தட்டு சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் குறைந்துவிட்டதே என்று கையை விடாதீர்கள். கட்டையை வைத்து நிறுத்தவும் பார்க்காதீர்கள். அது தானாக நிற்கும்வரை நில்லுங்கள். இயந்திரம் ஓடும்போது உங்களை யாரும் பின்னாலிருந்து கூப்பிடவோ தொடவோ கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எதிரே வந்து நின்று கை காட்டட்டும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

அப்படியும் அடிபட்டால்? தோல் உரிந்த காயத்தை ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் வேண்டாம். இரத்தம் ஓடினால் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் நீர் ஊற்றிக் கழுவுங்கள். காயம் ஆழமானால் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மண்கும்பான்காரருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. பாலம் கடக்க வேண்டியவர்கள் தாமதிக்காமல் அழைப்பதே நல்லது.

வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் வரமாட்டார்

தொழிற்சாலைகளுக்குச் சட்டம் உண்டு. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே போகும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று எழுதிவைத்தது. ஆனால் உங்கள் விறாந்தைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்? அங்கே இன்ஸ்பெக்டரும் நீங்கள்தாம், தொழிலாளியும் நீங்கள்தாம்.

அன்று மாலை மச்சான் வந்ததும், மூவருமாகச் சேர்ந்து பெல்ட்டைக் கழற்றி மாட்டினோம். அவர் சொல்லச் சொல்ல ராத்தாதான் திருகைத் திருப்பினார். ஐந்தாவது முறை பெல்ட் நடுவில் நின்று, கீச்சிடாமல் ஓடியது. “இதை முதல் நாளே உனக்குக் காட்டியிருக்கோணும்” என்றார் மச்சான், ராத்தாவின் கழுத்தைப் பார்க்காமல். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், புதிதாகத் தைத்த முக்காட்டின் நுனியை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு வந்து, ஒரு சிரட்டையைக் கையில் எடுத்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இயந்திரம் இருந்தால், அதை அமைப்பது எப்படி என்று இன்றே கேளுங்கள். காட்டித் தரச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். கீழே உள்ளதை வெட்டி, இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்:

1. தொடும் முன் பிளக் கழன்று கண் முன்னே இருக்கிறதா?

2. பெல்ட்டில் கிழிசல் இல்லையா? அம்புக்குறி சரியா?

3. கையால் ஓட்டினால் பெல்ட் நடுவில் நிற்கிறதா?

4. மேசை இடைவெளி இரண்டு வங்கி அட்டைத் தடிப்புக்குள் இருக்கிறதா?

5. தட்டின் இறங்கும் பாதியில்தான் நிற்கிறேனா?

6. முக்காட்டு நுனி, பின்னல், கை, வளையல் — தொங்குவது ஏதாவது உண்டா?

7. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டாயிற்றா?

8. பிள்ளைகள் எங்கே?